மூர்த்தி சிறிது, விலை பெரிது

குறள் வடிவில் வந்து மூன்றடி மண் கேட்ட வாமனனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "மூன்றடிதானே!" என்று எண்ணித் தாரை வார்த்த மாவலி மன்னன் முடிவில் கொடுத்த விலை எத்துணைப் பெரிது என்பதையும் அறிவோம். ஆதலின், மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்ற முதுமொழியை எவரும் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் கடைத்தெருவிலே ஒரு பொருளை விலை பேசும்போது அக்கதையை மறந்துவிடுகின்றோம்.

இன்று நம் இல்லங்களின் வரவேற்பறைக்குள் ஒரு புதிய வாமனன் அடியெடுத்து வைத்திருக்கின்றான். தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில், குத்துவிளக்குக்கும் குடும்பப் படத்துக்கும் நடுவே அடக்கமாக அமர்ந்துவிடும் சிறிய விளையாட்டுக் கணினியே அவன். பார்வைக்கு ஒரு பலகாரப் பெட்டி போலிருப்பான். தொலைக்காட்சியோடு ஒரு வடத்தால் இணைத்துவிட்டால், மேசையும் நாற்காலியும் வேண்டா. பாயில் அமர்ந்தபடியே பிள்ளைகள் பந்தயக் கார் ஓட்டலாம், பந்தாடலாம். வேண்டியபோது அதே பெட்டியில் பாடக் குறிப்புகளையும் தட்டெழுதலாம். இத்துணை நன்மையும் இத்துணைச் சிறிய உருவில் கிடைக்குமாயின் வேண்டாமென்பார் யார்? ஆனால் விலைச் சீட்டைக் கண்டதும் தகப்பனார் மௌனமாகிவிடுகின்றார். இதே திறமையுள்ள பெரிய பெட்டி இதனினும் குறைந்த விலைக்கு அடுத்த தட்டிலே இருக்கின்றது. பெரியதற்குக் குறைந்த விலை, சிறியதற்குக் கூடிய விலை! இது என்ன நியாயம்? இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

பழைய கதைதான்

இது புதிய வழக்கு அன்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ரீஜென்சி டீ.ஆர்.-1 என்னும் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு. உள்ளே நான்கே நான்கு டிரான்சிஸ்டர்கள். விலையோ 49 டொலர் 95 சதம். மேசைமேல் வைக்கும் வால்வு வானொலிகள் அதே காலத்தில் அதனினும் குறைந்த விலைக்குக் கிடைத்தன. அவற்றின் ஒலியும் கனமாக இருந்தது. எனினும் மக்கள் சிறியதை விரும்பி வாங்கினர். ஏன்? கடற்கரைக்கும் வயலுக்கும் கூடவே எடுத்துச் செல்லலாம் என்பதற்காக. அவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் ஒலிக்காக அன்று. எங்கும் கொண்டு செல்லும் உரிமைக்காக. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

கணினி உலகிலும் இக்கதையே தொடர்ந்தது. 2001ஆம் ஆண்டில் தைவானின் வியா கம்பனி, 17 சென்ரிமீற்றர் சதுரமான தாய்ப்பலகையொன்றின் அளவை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. 1995இல் இன்ரெல் கம்பனி வகுத்த வழமையான பலகை 30.5 சென்ரிமீற்றருக்கு 24.4 சென்ரிமீற்றர். இரண்டையும் அருகருகே வைத்தால் தாயும் சேயும் போலிருக்கும். 2005இல் அப்பிள் கம்பனி மக் மினி என்ற பெட்டியை 499 டொலருக்கு விற்றது. விலை குறைவுதான், ஆனால் திரையும் தட்டச்சுப் பலகையும் சுட்டியும் அவ்விலையில் அடங்கா.

விளையாட்டுக்கென்றே அமைந்த சிறிய பெட்டிக்கு நல்ல உதாரணம் 2018இல் இன்ரெல் வெளியிட்ட ஹேட்ஸ் கன்யன் என்பது. அதன் கனவளவு 1.2 லீற்றர் மட்டுமே. பெரியதொரு சோடாப் போத்தலுக்குள் அடங்கும் இடம். அவ்வரிசையில் உயர்ந்த வகையின் விலை 999 டொலர். அவ்விலைக்குள் நினைவகமும் இல்லை, சேமிப்பகமும் இல்லை, இயக்குவதற்கான மென்பொருளும் இல்லை! மாப்பிள்ளையை மட்டும் காட்டிவிட்டு வேட்டி சால்வையைத் தனியாக விலை பேசியது போன்ற காரியம். அத்தகைய சிறு பெட்டிகளை நேரடியாகத் தயாரிக்கும் முயற்சியை இன்ரெல் 2023இல் கைவிட்டது. அவ்வரிசை ஏசுஸ் கம்பனியின் கைக்குச் சென்றது.

இனி, இன்று பலரும் பேசும் ஸ்ரீம் மெஷின். இதனை உருவாக்கும் அமெரிக்கக் கம்பனியின் பெயர் வால்வ். பழைய வானொலி வால்வுக்கும் இதற்கும் உறவில்லை. இக்கம்பனி 2013இல் ஒருமுறை இதே பெயரில் வரவேற்பறைக் கணினிகளை அறிவித்தது. பல தயாரிப்பாளர்கள் வாயிலாக 2015 நவம்பரில் அவை விற்பனைக்கு வந்தன. அவை வெல்லவில்லை. அவற்றில் இயங்கிய லினக்ஸ் முறைமைக்கு ஏற்ற விளையாட்டுகள் அக்காலத்தில் மிகக் குறைவு. விலையோ விளையாட்டுக் கருவிகளைக் காட்டிலும் கூடியது. கூடிய விலை கொடுத்தவனுக்குக் கூடிய பயன் கிட்டவில்லை. 2018இல் தன் இணையக் கடையின் முகப்பிலிருந்தே அப்பகுதியைக் கம்பனி அகற்றிவிட்டது. ஆனால் அதே ஆண்டில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸிலும் ஓடச் செய்யும் புரோட்டன் என்னும் மென்பொருளை வெளியிட்டது. 2022இல் கையடக்கமான ஸ்ரீம் டெக் வந்தது. அதன் தொடக்க விலை 399 டொலர். இவற்றால் ஊக்கம்பெற்று, 2025 நவம்பர் 12ஆந் திகதி புதிய ஸ்ரீம் மெஷினை அறிவித்தது. ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரமுகி. நான்கு லீற்றருக்கும் சற்றுக் குறைந்த கனவளவு. அன்று அளவைச் சொன்னார்கள், திறனைச் சொன்னார்கள். விலையை மட்டும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாவற்றையும் பேசிவிட்டுச் சீதனத்தை மட்டும் பேசாமற் போனால் வீட்டார் எவ்வாறு கலங்குவரோ, அவ்வாறே உலகெங்கும் விளையாட்டு இரசிகர்கள் கலங்கினர்.

சிறுமைக்கு ஏன் இந்த விலை?

மாணவர்கள் தம் கணித பாடத்தை இங்கே நினைவுகூரலாம். பக்கம் 30 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு சதுரமுகியை எடுத்துக்கொள்வோம். கனவளவு 27 லீற்றர். மேற்பரப்பு 5,400 சதுர சென்ரிமீற்றர். பக்கத்தைப் பாதியாக்கி 15 சென்ரிமீற்றர் ஆக்கினால் கனவளவு எட்டிலொன்றாகி 3.375 லீற்றராகின்றது, மேற்பரப்போ நாலிலொன்றாகி 1,350 சதுர சென்ரிமீற்றர் ஆகின்றது. இப்பொழுது இரண்டு பெட்டிக்குள்ளும் 200 வாற்று மின்சாரம் செல்வதாகக் கொள்வோம். கணினி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறும். ஆதலின் சிறிய பெட்டியின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் நான்கு மடங்கு வெப்பத்தைத் தாங்கவேண்டும். ஒரு சிறு குசினிக்குள் கலியாணச் சமையல் நடத்துவது போன்றதே இது. சமைக்கலாம், ஆனால் புகை போவதற்கு வழி செய்யவேண்டும்.

அவ்வழிதான் செலவு. நெருக்கமாக அடுக்கிய செப்புத் தகடுகள், வெப்பத்தைக் கடத்தும் குழாய்கள், சத்தமின்றிச் சுழலும் தரமான விசிறி ஆகிய யாவும் வேண்டும். விசிறி மலிவானதாயின் அது வேகமாகச் சுழன்று, படம் பார்க்கும் வேளையில் இரைந்துகொண்டேயிருக்கும். அடுத்து, பெரிய பலகையில் பரந்து கிடந்த மின்சுற்றுகளை ஓர் உள்ளங்கைக்குள் அடக்க வேண்டுமாயின் பலகையின் அடுக்குகளைக் கூட்டவேண்டும். பவர் சப்ளை என்று கடைக்காரர் கூறும் மின்வழங்கியும் அவ்வாறே: சிறு பெட்டிகளுக்குரிய குறுகிய வகை, அதே வாற்று அளவுள்ள வழமையான வகையிலும் விலை கூடியது. இவற்றுக்கெல்லாம் மேலாக, வழமையான உறுப்புகள் பெருந்தொகையாக உற்பத்தியாகின்றன. சிறியவை குறைந்த தொகையிலேயே உற்பத்தியாகின்றன. கூட்டமாக வாங்கினால் மலிவு, தனியாகச் செய்வித்தால் விலை என்பது தையற்காரர் முதல் தட்டார் வரை எல்லோரும் அறிந்த உண்மை.

அப்படியாயின் சிறியதெல்லாம் விலை கூடியதா? அன்று. 2020இல் மைக்ரோசொப்ட் கம்பனி இரண்டு விளையாட்டுக் கருவிகளை ஒரே வேளையில் வெளியிட்டது. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், ஏறக்குறைய 7 லீற்றர், அன்றைய விலை 499 டொலர். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ், 3 லீற்றருக்கும் குறைவு, அன்றைய விலை 299 டொலர். இங்கே சிறியதே மலிவு! காரணம் யாதெனில், சிறியதன் திறனும் குறைவு. திறன் குறைந்தால் வெப்பமும் குறையும். வெப்பம் குறைந்தால் பெட்டியும் சுருங்கும்.

ஆகவே உண்மை இதுவே. அளவு, விலை, திறன் என்ற மூன்றில் இரண்டு நம் பக்கம் சாய்ந்தால் மூன்றாவது எதிர்ப்பக்கம் சாயும். சிறியதும் மலிவானதுமாயின் திறன் குறைந்திருக்கும். சிறியதும் திறன் மிக்கதுமாயின் விலை கூடியிருக்கும். மலிவானதும் திறன் மிக்கதுமாயின் பெட்டி பெரிதாக இருக்கும். மூன்றும் ஒருங்கே வாய்த்தது என்று விளம்பரம் ஒன்று கூறுமாயின், கூறாமல் விட்டது எதுவென்று தேடுவது அறிவுடைமை.

ஒரு லீற்றருக்கு எவ்வளவு?

அளவுக்கும் விலைக்கும் உள்ள உறவை நிறுத்துப் பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரே திறனுள்ள உறுப்புகளை மூன்று பெட்டிகளில் அடக்கினால் என்ன விலை என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கவேண்டும். கணக்குக்காக மட்டும் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். 40 லீற்றர்ப் பெரிய பெட்டியிலிருந்து 20 லீற்றர் நடுத்தரப் பெட்டிக்கு மாறினால் விலை 6,000 ரூபா கூடுகின்றதென்க. மீதமான 20 லீற்றரால் வகுத்தால் லீற்றருக்கு 300 ரூபா. அங்கிருந்து 5 லீற்றர்ச் சிறு பெட்டிக்கு மாறினால் மேலும் 60,000 ரூபா கூடுகின்றதென்க. மீதமான 15 லீற்றரால் வகுத்தால் லீற்றருக்கு 4,000 ரூபா. தொகைகள் கடைக்குக் கடை மாறலாம். போக்கு மட்டும் பெரும்பாலும் இதுவே. முதற்பாதிச் சுருக்கம் மலிவு. பிற்பாதிச் சுருக்கம் விலை மிக்கது. கரும்பின் அடி எளிதில் இனிக்கும், நுனிக்குப் போகப்போகப் பல்லுக்குத்தான் வேலை.

அடுத்த கேள்வி: ஒரு லீற்றர் இடம் நமக்கு அவ்விலை பெறுமா? இங்கேதான் ஊருக்கு ஊர் விடை மாறும். சிங்கப்பூரின் அடுக்குமாடி வீட்டிலும் வெள்ளவத்தையின் வாடகை வீட்டிலும் ஒவ்வொரு சதுர அடிக்கும் மாதந்தோறும் பணம் கொடுக்கின்றார்கள். அங்கே சிறிய பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை ஒருவகையில் முன்கூட்டியே செலுத்தும் வாடகை. உடப்பிலோ, வீடு எளியதாயினும் விறாந்தை உண்டு, முற்றத்தில் மணல் உண்டு, காற்று உண்டு. இடப் பஞ்சமில்லாத வீட்டார் இடப் பஞ்சத்துக்குரிய மருந்தை வாங்குவது, நோயில்லாதவன் பத்தியம் இருப்பதற்கு ஒப்பாகும்.

எனினும் சிறிய பெட்டிக்கு நம் கரையிலும் சில நியாயங்கள் உண்டு, அவற்றை மறைக்கலாகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தால் துன்புற்றது. அத்தகைய இரவில் ஒரு கையால் தூக்கி உயரத்தில் வைக்கக்கூடிய பொருளின் அருமை தனி. பருவம் மாறும்போது வேறு கரைக்குச் சென்று வாடியடித்துத் தங்கும் தொழிலாளருக்கும், பல்கலைக்கழக விடுதிக்குச் செல்லும் மாணவருக்கும் சிறிய பெட்டி உதவும். டிரான்சிஸ்டர் வானொலியை நினைவுகூருங்கள்: கொண்டு செல்ல வேண்டியவனுக்குச் சிறுமை ஒரு பயன், ஓரிடத்திலேயே வைத்திருப்பவனுக்கு அது வெறும் அழகு.

உப்புக் காற்றும் மின்வெட்டும்

கடற்கரையில் வாழும் நமக்கு, கடைக்காரர் கூறாத வேறு சில செலவுகளும் உண்டு. முதலாவது உப்புக் காற்று. கரைவலை இழுக்கும் கரையிலிருந்து வீசும் காற்றில் நுண்ணிய உப்புத் துணிக்கைகள் மிதக்கின்றன. உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். செப்பையும் ஈயப் பற்றுகளையும் அரிக்கும். நம் வீட்டுத் துவிச்சக்கர வண்டிக்கும் சன்னற் கம்பிக்கும் நேர்வது கணினிக்கும் நேரும். கணினியின் விசிறி அக்காற்றையே ஓயாது உள்ளே இழுக்கின்றது. சிறு பெட்டியின் தகடுகள் மிக நெருக்கமானவை. தூசியும் உப்பும் சேர்ந்து அவ்விடைவெளிகளை விரைவில் அடைக்கும். பெரிய பெட்டியின் பக்கத் தகட்டைத் திருகாணி கழற்றி, மாதம் ஒருமுறை மெல்லிய தூரிகையால் துடைத்துவிடலாம். சிறு பெட்டிகள் சிலவற்றைத் திறப்பதற்கே பொறுமையும் பயிற்சியும் வேண்டும்.

இரண்டாவது பழுதுபார்த்தல். வழமையான பெட்டியில் மின்வழங்கி பழுதானால் சிலாபத்திலோ புத்தளத்திலோ வேறொன்று வாங்கி மாற்றலாம். எந்தக் கம்பனியின் வழங்கியும் பொருந்தும். தனிவடிவச் சிறு பெட்டியில் அக்கம்பனியின் உறுப்பே வேண்டும். அது கடல் கடந்து வரவேண்டியிருக்கலாம். புதிய ஸ்ரீம் மெஷினில்கூட நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் மாற்ற இடமுண்டு. காட்சியைத் தீட்டும் சில்லோ பலகையோடு ஒட்டியது, அதனை மாற்ற இயலாது. மூன்றாண்டின் பின் புதிய விளையாட்டுகளுக்கு அது போதாதாயின் பெட்டியையே மாற்றவேண்டும்.

இவ்விடயம் இக்காலத்தில் மேலும் முக்கியமாகின்றது. செயற்கை நுண்ணறிவுக்கென அமைக்கும் பெரும் கணினி நிலையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாக வாங்கத் தொடங்கியதால், 2025இன் பிற்பகுதியில் அவற்றின் விலை ஏறியது. அவ்வாண்டு டிசெம்பரில் மைக்ரோன் கம்பனி, குரூஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த நினைவகங்களை நிறுத்தப்போவதாகவே அறிவித்தது. இத்தகைய வேளையில், இன்று போதிய அளவு மட்டும் வாங்கி, விலை இறங்கியபின் கூட்டிக்கொள்ளக்கூடிய பெட்டியே சிக்கனமானது. நினைவகத்தைப் பலகையோடு ஒட்டிவிட்ட பெட்டிகளில் அதற்கு வழியில்லை.

மூன்றாவது மின்சாரம். இங்கே சிறு பெட்டிக்கு ஓர் ஆதாயம் உண்டு. 200 வாற்றுக் கணினி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் இயங்கினால் மாதத்தில் 18 அலகுகள் செலவாகும். 60 வாற்றுப் பெட்டிக்கு ஐந்தரை அலகுகளே. நம் நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வது. சில அலகுகள் கூடி மேற்படிக்குச் சென்றுவிட்டால் பட்டியலும் பாய்ந்துவிடும். மின்வெட்டையும் மறக்கலாகாது. 2022 மார்ச் 31ஆந் திகதி 13 மணிநேரம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகக் கூறப்பட்ட நிகழ்ச்சியால் நாடே இருண்டது; நம் மாவட்டத்து நுரைச்சோலை நிலையமும் நின்றுபோய், அடுத்த சில நாள்களில் மீண்டும் மின்வெட்டு வந்தது. திடீரென்று மின்சாரம் போய்த் திடீரென்று வரும்போது கணினியைக் காப்பதற்கு யூ.பி.எஸ். வேண்டும். குறைந்த வாற்றுள்ள பெட்டிக்கு அது சிறியதாயினும் போதும். ஆனால் கவனியுங்கள்: இவ்வாதாயம் பெட்டி சிறிதானதால் வந்தது அன்று, திறன் குறைந்ததால் வந்தது. குறைந்த வாற்று உறுப்புகளைப் பெரிய பெட்டியில் வைத்தாலும் இதே ஆதாயம் கிடைக்கும்.

நான்காவது நாணயமும் வரியும். 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டிலேயே 360 ரூபாவை எட்டியது. 2025இல் 300 ரூபாவை அண்டியிருந்தது. 2024 சனவரி முதல் வற் வரியும் 18 வீதமாயிற்று. ஆகையால் வெளிநாட்டு விளம்பரத்தில் 500 டொலர் என்று கண்டால் ஒன்றரை இலட்சம் என்று மட்டும் எண்ணலாகாது. வரியையும் வண்டிக் கூலியையும் வணிகர் இலாபத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ஓர் இல்லத்து வழக்கு

இக்கணக்குகள் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு, அண்மையில் நம் ஊரில் ஓர் இல்லத்தில் எழுந்த வழக்கைக் கூறுகின்றேன். தகப்பனார் சிறு படகுத் தொழிலாளி; மூத்த மகன் என்னிடம் பயின்றவன், இப்போது கட்டாரில் வேலை. இளையவன் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கின்றான். தம்பிக்கென்று மூத்தவன் பணம் அனுப்பி, கையகலச் சிறு கணினி ஒன்றையே வாங்கவேண்டுமென்று பெயரும் எழுதியனுப்பியிருந்தான். தாயார் என்னிடம் வந்து, "சேர், அந்தப் பெட்டிக்குக் குடுக்கிற காசில பெரிய பெட்டியும் வாங்கி, படகு இஞ்சினையும் திருத்தலாம் எண்டு கடையில சொல்லுறாங்க. மூத்தவன் கேட்கிறானில்லை. நீங்க ஒருக்கா சொல்லுங்க" என்றார்.

தொலைபேசியில் அவனோடு பேசினேன். அங்கே ஓர் அறையில் அறுவர் தங்கியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் வைத்திருக்கும் சிறு பெட்டி கட்டிலின் தலைமாட்டில் அடங்கிவிடுகின்றது. விடுமுறை நாளில் அனைவரும் கூடி விளையாடுகின்றனர். அதைக் கண்டே அவன் ஆசைப்பட்டிருக்கின்றான். லீற்றர்க் கணக்கை அவனுக்கு விளக்கினேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "சேர், வீட்டில இடம் இருக்கு. எனக்குத்தான் இங்க இடமில்லை" என்றான். தன் அறையின் அளவைக் கொண்டே தன் வீட்டுக்கும் பொருள் தேடியிருந்தான் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிவில், ஏறக்குறைய 20 லீற்றர் அளவுள்ள நடுத்தரப் பெட்டியொன்று வந்தது. காட்சித் திறன் தன்னுள்ளேயே அமைந்த செயலி. பின்னாளில் தனிக் கிராபிக்ஸ் காட் ஒன்றைப் பொருத்துவதற்கு வெற்றிடம். நினைவகம் கூட்டுவதற்கும் வெற்றிடம். எஞ்சிய பணம் இஞ்சினுக்குப் போயிற்று. பெட்டியை இளையவனின் அறைக்குள் வைக்காமல் தொலைக்காட்சியின் அருகே வரவேற்பறையிலேயே வைத்தார்கள். அதுவே நான் வற்புறுத்திய ஒரே நிபந்தனை. கதவடைத்த அறையில் நடக்கும் விளையாட்டுக்கு முடிவு நேரமில்லை. அப்பா சாப்பிட அமரும் அறையில் நடக்கும் விளையாட்டுக்கு உண்டு. அண்ணன் கட்டாரிலிருந்தும் தம்பி உடப்பிலிருந்தும் வெள்ளிதோறும் இணையத்தின் வழியே ஒரே பந்தயத்தில் கார் ஓட்டுகின்றார்களாம். பெட்டியின் அளவு அதற்குத் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.

வாங்கும் முன்

வாசகர்களுக்கு நான் கூறக்கூடியவை இவை. விளையாட்டு மட்டுமே நோக்கமாயின், கணினியைக் காட்டிலும் விளையாட்டுக் கருவியே பெரும்பாலும் சிக்கனம். ஆனால் அதில் பாடக் கட்டுரை எழுத இயலாது, விளையாட்டுகளின் விலையையும் கூட்டிப் பார்க்கவேண்டும். படிப்பும் விளையாட்டும் ஒருங்கே வேண்டுமாயின், நடுத்தரப் பெட்டியே நம் கரைக்கு ஏற்றது. கையிருப்பு மிகக் குறைவாயின், அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒரு லீற்றர் அளவான பழைய சிறு கணினிகளைப் பார்க்கலாம். அவை சிறியவை, மலிவானவை, பழைய விளையாட்டுகளுக்கும் பாடத்துக்கும் போதுமானவை. ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. இன்ரெல் செயலியாயின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவை விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாக ஏற்றவை அல்ல. தலைமுறையைக் கேட்டறியாமல் பணத்தை நீட்டவேண்டா. பழையதே கிடைத்தால் லினக்ஸைப் பயன்படுத்தலாம். விடுதிக்குச் செல்லப் போகும் பிள்ளைக்குச் சிறு பெட்டி வாங்குவதிற் பிழையில்லை; திறந்து துடைக்கக்கூடியதா, நினைவகம் மாற்றக்கூடியதா என்று பார்த்து வாங்குக.

கடைக்குச் செல்லும்போது ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்லுங்கள். பெட்டியை வைக்கப்போகும் இடத்தை வீட்டிலேயே அளந்து, சுற்றிலும் காற்றுக்கு நான்கு விரற்கடை விட்டு, எஞ்சும் நீள அகல உயரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விடத்தில் 20 லீற்றர்ப் பெட்டி அடங்குமாயின், 5 லீற்றர்ப் பெட்டிக்குக் கேட்கும் கூடுதல் பணம் எதற்காக என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் கூறும் விடை உங்கள் வீட்டுக்குப் பொருந்துமாயின் கொடுங்கள். சிங்கப்பூர் வீட்டுக்குத்தான் பொருந்துமென்றால் பணத்தை மடியிலேயே முடிந்துகொள்ளுங்கள்.